பெட்டியில் பச்சை இலை படம் போட்டிருக்கிறது, வாங்கலாமா?

வீடு தேடி வந்தவரிடம் சூரிய கீசர் வாங்கினேன். நான்காம் மாதமே தொட்டி ஒழுகுகிறது. எப்போது கூப்பிட்டாலும் "ஆள் வருவார்" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (சாட்ஸ்வர்த்)

கிடைக்கும். போனில் கெஞ்சாதீர்கள் அம்மா, எழுத்தில் கேளுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு என்று முதல் வரியிலேயே போடுங்கள். பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால் பழுது பார்ப்பதா, வேறு தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நீங்கள்தான், விற்றவர் இல்லை. எடுத்துப்போகும் செலவும் அவருடையது. ஒழுகுவதைப் படம் எடுத்து இணைத்துவிடுங்கள். மசியவில்லை என்றால் நுகர்பொருள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. உங்களுக்கு நாள் கடந்துவிட்டது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இப்படித் தேடி வந்து விற்றதை ஐந்து வேலை நாளுக்குள் காரணமே சொல்லாமல் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். கரண்ட் போகும் பயத்தைக் காட்டி விற்றிருக்கிறான், உங்கள் மேல் என்ன தப்பு?

பிளக்கில் செருகினால் மின் செலவு பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே? (டோங்காட்)

இரண்டு வாங்கினேன், அண்ணன் வீட்டுக்கு ஒன்று என்று. ஒரு மாதம் கழித்து மீட்டரில் ஒரு வித்தியாசமும் இல்லாததால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திறந்தேன். உள்ளே ஒரு மின்தேக்கி, ஒரு பச்சை விளக்கு. அவ்வளவுதான். வீட்டு மீட்டர் நாம் செலவழிக்கிற யூனிட்டைத்தான் எண்ணும், அந்த மின்தேக்கி அதைக் குறைக்காது. அண்ணன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்ற 500 கப் வேண்டும். 'மட்கும்' என்று போட்ட கப் இரண்டு மடங்கு விலை. வாங்குவது புண்ணியமா? (ஃபீனிக்ஸ்)

இந்த 'மட்கும்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது. எங்கே மட்கும், எத்தனை நாளில், எவ்வளவு சூட்டில் என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், அநேகமாக ஒன்றும் இருக்காது. உள்ளே பளபளவென்று பூச்சு போட்ட கப் பல, தொழிற்சாலை உரக்கிடங்கில் 60 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வைத்தால்தான் ஒழுங்காக மட்கும், உங்கள் கொல்லைக் குழியில் அப்படியே கிடக்கும். பூச்சில்லாத கரும்புச் சக்கைக் கப் மட்கும்தான், ஆனால் கோயில் குப்பை முழுவதும் கருப்புப் பையில் கட்டிக் குப்பைமேட்டுக்குப் போனால் அது காற்றில்லாமல் அழுகி மீத்தேனாகும். நம் பாட்டன்மார் நேட்டாலில் வெட்டிய கரும்பின் சக்கையை நமக்கே இரட்டை விலைக்கு விற்கிறார்கள், அதையாவது யோசியுங்கள். நானும் யோக்கியன் இல்லை. 'மூங்கில் கப்' என்று நான்கு வாங்கி வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, மூங்கில் தூளை மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினில் குழைத்து வார்த்தது என்று. மட்கவும் மட்காது, மறுசுழற்சிக்கும் போகாது. சரி, உங்களுக்கு: வருகிறவர்கள் வீட்டிலிருந்தே டம்ளர் கொண்டுவரட்டும் என்று போன வாரமே அறிவித்திருக்கலாம். இப்போதாவது அறிவியுங்கள். மறந்து வருகிறவர்களுக்குக் கோயில் எவர்சில்வர், கழுவ நான்கு பிள்ளைகள்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்று துணிப்பை வாங்கி வாங்கி வீட்டில் 14 சேர்ந்துவிட்டது. எது நல்ல பை? (பெனோனி)

பதினைந்தாவது வாங்காத பை.

சந்தையில் பத்து எல்இடி பல்பு வாங்கினேன், ஒரே வாரத்தில் மூன்று போய்விட்டது. ரசீது இல்லை, கடை பெயர் தெரியாது. என்ன செய்யலாம்? (லெனேஷியா)

இருட்டில் உட்காரலாம். ரசீது தருவது விற்பவரின் கடமை, சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்கவே இல்லையே! மூன்று மாதமாக இதே கடிதத்துக்குத்தான் பதில் எழுதுகிறேன். மீதி ஏழு எரிகிறவரை எரியட்டும், அடுத்த தடவை உத்தரவாதக் காலம் அச்சிட்ட பெட்டியாக, ரசீதோடு வாங்குங்கள்.

தண்ணீர் மிச்சம் பிடிக்கும் ஷவர் தலை வாங்கினால் பிரயோஜனம் உண்டா? (டர்பன்)

உண்டு, வெந்நீர் குறைந்தால் கீசருக்கும் வேலை குறையும். ஆனால் வாங்குவதற்கு முன் இப்போதிருக்கிற ஷவருக்கு அடியில் 10 லிட்டர் வாளியை வைத்து முழுதாகத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் மாற்றுங்கள். அதற்கு மேல் ஆனால் காசைப் பையிலேயே வையுங்கள்.