ஐப்பசிச் செம்மண்ணில் சைக்கிள்: வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து மலைப்பாதைச் சைக்கிள் (எம்.டி.பி.) பற்றி வந்த கேள்விகளில் சில.

கோடையில் இங்குள்ள சரளைப் பாதைகளில் வளைவு திரும்பினாலே முன் சக்கரம் வழுக்குகிறது. இப்போது மழையும் சகதியும் வேறு. தை பிறக்கும் வரை எம்.டி.பி.யைத் துடைத்து உள்ளே வைத்துவிடலாமா?
(வாசகர், கோட்டையூர்)

வேண்டாம். நம் பக்கம் ஓட்டுவதற்கு ஆண்டிலேயே நல்ல பருவம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். செம்புறாங்கல் உதிர்ந்து கிடக்கும் பட்டாணி அளவுச் சரளை, காய்ந்திருக்கும்போது கெட்டித் தரைமேல் உருளும். டயரின் பல் தரையைத் தொடுவதே இல்லை. வழுக்குவது அதனால்தான். ஈரம் பட்டதும் இடையிலிருக்கும் செம்மண் சரளையைப் பிடித்துக்கொள்கிறது, பல் பதிகிறது. சித்திரையில் நடுங்கிக்கொண்டு திரும்பிய அதே வளைவில் இப்போது தைரியமாகச் சாயலாம். பிரேக்கை மட்டும் வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். திரும்பும்போது பிடித்தால் எந்தப் பருவத்திலும் சறுக்கும்.

மண்ணுக்கு மண் கணக்கு வேறு. மேட்டுச் செம்மண்ணிலும் முந்திரித் தோப்பு வண்டிப்பாதையிலும் ராத்திரி மழை விட்டால் பெரும்பாலும் மறுநாள் காலையே இறங்கலாம். கண்மாய் உள்வாயும் வயலோரக் களிமண்ணும் இரண்டு மூன்று நாள் வெயில் கேட்கும். சந்தேகம் வந்தால் இறங்கிக் குதிகாலை ஊன்றித் திருப்பிப் பாருங்கள். மண் செருப்போடு அப்பிக்கொண்டு வந்தால் அந்தப் பாதை அன்றைக்கு இல்லை. மீறிப் போனால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே களிமண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது பெடலை எழுந்து நின்று மிதிப்பவர்கள்தான் பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரையும் அதைத் தாங்கும் ஹேங்கரையும் வளைத்துக்கொண்டு வருகிறார்கள்.

மகன் வாரம் இரண்டு தடவை பஞ்சரோடு வீட்டுக்கு வருகிறான். எல்லாம் கருவேல முள். கடைக்காரர் டியூப்லெஸ் போடச் சொல்கிறார். தேவைதானா?
(வாசகி, தேவகோட்டை)

சீமைக்கருவேலம் மண்டிய ஊரில் வாரம் இரண்டு தடவை பஞ்சராகி வருகிற பையனுக்குத் தேவைதான். ஆனால் ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றவையா என்று முதலில் பாருங்கள். இரண்டிலும் அது எழுதியிருக்கும். சாதாரண ரிம்மில் டேப் சுற்றிச் சமாளிப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. காற்று குறைந்த நேரத்தில் வளைவில் டயர் விளிம்பு கழன்றால் ஆள் விழுவார்.

டயருக்குள் ஊற்றும், ஓட்டையைத் தானே அடைக்கும் திரவமான சீலன்ட்டின் அளவு: 27.5 அல்லது 29 அங்குலச் சக்கரம், 2.2 அங்குல அகல டயர் என்றால் ஒரு சக்கரத்துக்கு 90 முதல் 120 மி.லி. நம் ஊர்ச் சூட்டில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். வைகாசியில் ஊற்றியதை நம்பி ஐப்பசியில் கிளம்பினால் முள் குத்தியதும் புஸ்ஸென்று இறங்கும். புரட்டாசி முடிவில் வால்வைக் கழற்றி, மெல்லிய குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டாவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். வழியில் முள் குத்தினால் பிடுங்கிய உடனே ஓட்டை தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நேரம் வைத்திருந்தால் சீலன்ட் அங்கே சேர்ந்து அடைக்கும்.

டியூப்பிலேயே தொடர்வதானால் குறை எங்கே என்று பாருங்கள். டியூப்பின் உட்பக்கம் இரண்டு கீறல் இணையாக இருந்தால் அது முள்ளே அல்ல; காற்று குறைவாக வைத்துக் கல்லில் மோதியதில் ரிம் நசுக்கியது. அடுத்தடுத்து ஒரே இடத்தில் பஞ்சர் என்றால் முறிந்த முள் முனை டயருக்குள் நிற்கிறது. வெறும் விரலால் தடவாமல் பருத்தித் துணியை உள்ளே வட்டமாக இழுங்கள்; நூல் மாட்டுகிற இடத்தில் இடுக்கியால் எடுக்கலாம்.

ஒட்டும்போது மழைக்காலத்தில் கெடுவது ஒரே விஷயத்தில்: அவசரம். டியூப்பை நன்றாகத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பேட்ச்சைவிடக் கொஞ்சம் அகலமாகச் சொல்யூஷன் தடவுங்கள். பளபளப்பு போய் மங்கும் வரை, அதாவது மூன்று முதல் ஐந்து நிமிடம், காத்திருங்கள். ஈரச் சொல்யூஷன்மேல் வைத்த பேட்ச் நாலு கிலோமீட்டர்கூடத் தாங்காது.

காற்று: 65 முதல் 70 கிலோ எடையுள்ளவருக்கு, 2.2 அங்குல டயரில், டியூப் இருந்தால் முன்னே 28, பின்னே 31 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்குங்கள். டியூப்லெஸ் என்றால் 22, 25. எடை கூடினால் கூட்டுங்கள். ‘கல்லு மாதிரி’ அடித்துக் கொடுக்கும் பழக்கம் தார்ச்சாலைக்கு. ஈரச் சரளையில் அப்படி அடித்த டயர் துள்ளும், பிடிக்காது. அளவுமானி உள்ள கைப்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மழை ஈரத்தில் டிஸ்க் பிரேக் கிரீச்சிடுகிறது. பிடிப்பும் குறைந்த மாதிரி இருக்கிறது. பேட் மாற்றவேண்டுமா?
(வாசகர், கானாடுகாத்தான்)

நனைந்ததும் கத்தி, நாலைந்து தடவை பிடித்ததும் அடங்கினால் அது வெறும் தண்ணீர். உலர்ந்த பிறகும் கத்தினால் எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு ஸ்ப்ரே அடித்தபோது டிஸ்க்கில் தெறித்திருப்பதே வழக்கமான காரணம். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தத் துணியால் துடையுங்கள். பேட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றுவதே நல்லது. அடுப்பில் காட்டி எரிப்பது போன்ற கைவைத்தியம் பிரேக்குக்கு வேண்டாம்.

செம்மண் கலந்த நீர் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ரெசின் பேட் சத்தமில்லாதது, ஆனால் இந்தப் பருவத்தில் வேகமாகக் கரையும். மெட்டல் பேட் அதிகநாள் வரும், கொஞ்சம் கத்தும். டிஸ்க்கில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் மெட்டல் போடக்கூடாது, டிஸ்க் தேய்ந்துபோகும். தகட்டின்மேல் உள்ள பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் காத்திருக்காமல் மாற்றுங்கள்.

புது பேட்டைப் பழக்கவேண்டும். ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறையும்வரை பிடித்து விடுங்கள், இருபது தடவை. இதைச் செய்யாமல் கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கி, ‘புது பேட் பிடிக்கவில்லை’ என்று எழுதுகிறவர்கள் நிறைய.

வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் செம்மண் போய்விடுகிறதே?
(வாசகர், பள்ளத்தூர்)

மண்ணோடு பேரிங் கிரீஸும் போகும். வாளித் தண்ணீர், பழைய பிரஷ் போதும். கழுவி, துணியால் ஒற்றி, செயின் நன்றாகக் காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, ஈரப் பருவத்துக்கான ‘வெட்’ வகை ஆயில் விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைத்தான் பிடிக்கும்.

எங்கெல்லாம் ஓட்டலாம்? கண்மாய்க் கரை, தைலமரக் காடு, திருமயம் கோட்டை என்று நண்பர்கள் பட்டியல் போடுகிறார்கள்.
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

கோட்டையை விடுங்கள். அது தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம். சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு ஏறிப் பாருங்கள். தைலமரத் தோட்டங்கள் பல இடங்களில் வனத்துறைக்கோ தமிழ்நாடு வனத்தோட்டக் கழகத்துக்கோ சொந்தம். கேட்டு, அனுமதி கிடைத்தால் போங்கள். பிரான்மலை மாதிரி காடு சூழ்ந்த மலைகளுக்கும் இதே விதி.

கண்மாய்க் கரை காய்ந்திருந்தால் அருமையான பாதை. ஊறியிருக்கும்போது டயர் போட்ட பள்ளத்தில் தண்ணீர் ஓடி அரிப்பு தொடங்கும்; நீர் நிறைந்த நேரத்தில் கரையைக் காக்கும் ஊர்க்காரர் கோபித்தால் நியாயம் அவர் பக்கம். வயல் வரப்பு எப்போதும் கூடாது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் முன் நம் ஃப்ரீவீல் சத்தம் கேட்கவேண்டியதில்லை.

பாதை தெரியாதவர்கள் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் இடையிலான ஊர்களின் மண்சாலைகளில் தொடங்கலாம். வழி தவறினாலும் தார்ச்சாலை பக்கத்திலேயே கிடைக்கும்.

இந்த மாதங்களில் இடி பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் என்பதால் காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்புங்கள். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போகவேண்டும்; தனிப் பனைமரத்தடியில் ஒதுங்கவே கூடாது. தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். செந்நீருக்கு அடியில் தளம் இருக்கிறதா, அரித்துப்போயிற்றா என்பது மேலிருந்து தெரியாது.

என்னிடம் இருப்பது முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள 26 அங்குலப் பழைய சைக்கிள், ரிம் பிரேக். இதில் போகலாமா?
(வாசகர், புதுவயல்)

தாராளமாக. நம் பூமி பெரும்பாலும் சமதளம். இரண்டு வேலை செய்யுங்கள்: பிரேக் கட்டையில் பொதிந்த சரளைத் துகளை ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் ஊசியால் நெம்பி எடுங்கள், இல்லையேல் ரிம்மை அறுக்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஹேண்டில்பார் திரும்பும் இடத்து ஹெட்செட் பேரிங்கில் ‘டக் டக்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறுக்கிய பிறகே கிளம்புங்கள். குதித்து இறங்குவதெல்லாம் அந்த ஃபோர்க்குக்கு ஆகாது.