பிள்ளைகள் குறையும் ஊரில் மகளை டீச்சர் ட்ரெயினிங் சேர்க்கலாமா?

தொண்டிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

ஊர்த் தொடக்கப் பள்ளியில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்க, பிளஸ் டூ முடித்த மகள் டீச்சராக ஆசைப்பட்டால் பயம் வரத்தான் செய்யும். ஆனால் பணியிடத்தைத் தீர்மானிப்பது காலி பெஞ்சு அல்ல. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. இருபது பேர் படித்தாலும் ஐம்பத்தெட்டு பேர் படித்தாலும் இருவர்தான். அடி விழுவது வரம்பை ஒட்டி நிற்கும் பள்ளிக்கு. 64 பேர் படிக்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து 16 பேர் போய், ஒன்றாம் வகுப்புக்கு 7 பேரே வந்தால் மிச்சம் 55. மூன்றாவது ஆசிரியர் உபரி. பணி நிரவலில் அவர் வேறு பள்ளியின் காலியிடத்துக்குப் போவார். புதிதாக வருகிறவருக்கு அந்த இடம் இல்லாமல் போகும்.

உங்கள் ஊர் நிலவரத்தை நீங்களே கணிக்கலாம். அங்கன்வாடியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். காலையில் தனியார் பள்ளி வேனில் எத்தனை சின்னப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்றும் பாருங்கள். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; கையில் காசில்லாத அந்த நாளில்தான் தனியார் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும். சிலர் அரசுப் பள்ளிக்குத் திரும்பலாம். ஆனாலும் பழைய கூட்டம் வராது: 2020 கணக்கில் தமிழ்நாட்டின் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள்) 1.4, மக்கள்தொகை நிலைத்திருக்க 2.1 வேண்டும்.

இனி மகள் விஷயம். பி.எட். முடித்தால் சின்ன வகுப்புக்கும் போகலாம் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மஞ்சூரில் அதற்கான அரசு நிறுவனம் இருக்கிறது. அடுத்து டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாள், 150 மதிப்பெண்: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றுக்கும் 30. டெட் பாஸானாலே வேலை என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது. அரசுப் பணிக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும்.

என் யோசனை இது. அரசு இடம் கிடைத்தால் சேருங்கள். கடன் வாங்கித் தனியார் நிறுவனத்தில் வேண்டாம். பட்டயம் முடித்ததும் டெட்டுக்குப் படித்துக்கொண்டே அஞ்சல் வழியில் ஒரு பட்டம் தொடங்கட்டும். பிறகு பி.எட். சேர்ந்தால் டெட் இரண்டாம் தாள் எழுதி, ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளுக்கும் முயலலாம். அவள் பக்கத்து ஊரிலேயே வேலை வேண்டும் என்றால் இந்தப் படிப்பு வேண்டாம். எந்த மாவட்டத்தில் போட்டாலும் போவேன் என்கிறாளா? இன்றே கேட்டுவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.