யார் எடை போட்டார்கள்?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல் எல்லாமே வெளிப் பட்டறைகளில் கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க்தான். சரக்கு எங்கே நிற்கிறது என்று விசாரிப்பதிலேயே பொழுது போகிறது. அத்தனை பட்டறைகளையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிடலாமா?
- வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: வேண்டாம். உங்கள் சாயப்பட்டறை உங்களுக்கு மட்டுமா வேலை செய்கிறது? பத்து இருபது பார்ட்டிகளுக்குச் செய்கிறது. ஒவ்வொருவரும் தன் மென்பொருளில் பதியச் சொன்னால், அங்கே கணக்கெழுதுபவர் யாருக்கும் ஒழுங்காகப் பதிய மாட்டார். அவரவர் கணக்கு அவரவரிடமே இருக்கட்டும். சரக்கு கைமாறும் இடத்தை மட்டும் இறுக்கிப் பிடியுங்கள்.

நான் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தபோது பிடிவாதமாக நின்றது லாட் நம்பரில்தான். ஒரே மிஷினில் ஒரே தடவையில் சாயமேறிய துணிக்கு ஒரு நம்பர். பேக்கிங் வரை அது மாறக்கூடாது. எல்லாம் நீலம்தானே என்று இரண்டு லாட்டைக் கலந்து வெட்டினால், உடம்பு ஒரு நீலம், கை வேறொரு நீலம் என்று சட்டை வரும். அது செக்கிங்கில் கண்ணில் படுவதற்குள் தையல் கூலியும் போயிருக்கும்.

சரக்கோடு போகும் சீட்டான செலானில் லாட் நம்பர், ரோல் எண்ணிக்கை, எடை, ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), டயா (துணியின் அகலம்), அடுத்துப் போகவேண்டிய பட்டறை எல்லாம் இருக்கவேண்டும். வாங்குகிறவர் தானே எடை போட்டு, அந்த எடையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒத்துவராவிட்டால் சரக்கை இறக்காமல் நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கே கொடுங்கள். நீங்கள் போனை எடுக்கும்வரை யாரும் காத்திருக்கக்கூடாது. சாயத்தில் எடை குறையும். எவ்வளவு வரை ஏற்பது என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள், பின்னால் சண்டை வராது.

ஒவ்வொரு தடவையும் துணியை உங்கள் கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுவந்து வண்டி வாடகை கொடுக்காதீர்கள். பட்டறையிலிருந்து நேரே அடுத்த பட்டறைக்கு அனுப்ப ஜி.எஸ்.டி. சட்டமே அனுமதிக்கிறது. 2018இல் வந்த சுற்றறிக்கைப்படி, நீங்கள் கொடுத்த செலானிலேயே முதல் பட்டறைக்காரர் அளவையும் விவரத்தையும் குறித்து அனுப்பலாம். ஓராண்டுக்குள் சரக்கு உங்களிடம் திரும்பவேண்டும், அல்லது அங்கிருந்தே ஏற்றுமதிக்கோ விற்பனைக்கோ போய்விடவேண்டும்.

கேள்வி: இதற்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு போதாதா?
- வாசகி, அவிநாசி

பதில்: செலானைப் படமெடுத்து அனுப்ப நல்ல வசதி. ஆனால் ‘வண்டி கிளம்பிவிட்டது’ என்ற குரல்பதிவை நம்பி வரவு எழுதாதீர்கள். எடை போட்டு வாங்கியவரின் கையெழுத்து அந்தப் படத்தில் தெரிந்த பிறகே எழுதுங்கள்.