பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ட்ரைக்காக மாற்றிய பைக்கில் பின் பிரேக் பெடல் ஏன் அடிவரை இறங்குகிறது?

மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் சின்ன பம்ப். பைக்கில் அது ஒரே காலிப்பருக்காக (டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பகுதி) அமைந்தது. ட்ரைக்கிலோ இரண்டுக்கு ஊட்ட வேண்டும். ஒரு பாட்டிலுக்கான சிரிஞ்சால் இரண்டை நிரப்புவது போலத்தான்.

முதலில் பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதியுங்கள். மேலே எழுந்து கெட்டியானால் தள்ளும் ஆயில் போதவில்லை, அல்லது பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடைவெளி அதிகம். எழுந்த பிறகும் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று.

காற்றுக்குக் காரணம் சில நேரம் அசட்டுத்தனமானது: இடது, வலது காலிப்பர்கள் மாறியிருக்கும். ப்ளீட் நிப்பிள் (உள்ளே உள்ள காற்றை வெளியேற்றும் திருகு) அடியில் போய்விடும். காற்றோ மேலேயே தங்கும். மாற்றிப் பூட்டுங்கள். முடியாவிட்டால் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு மரத்துண்டு வைத்து, நிப்பிளை மேல்நோக்கிப் பிடித்து ப்ளீட் செய்யுங்கள். தொலைவில் உள்ள காலிப்பர் முதலில்.

ஆயில்தான் போதவில்லை என்றால் பெரிய போர் (உள்விட்டம்) உள்ள மாஸ்டர் சிலிண்டர் வேண்டும். 12.7 மி.மீ.யிலிருந்து 15.9க்குப் போனால் ஒரே மிதிக்கு சுமார் ஒன்றரை மடங்கு ஆயில் போகும். ஆனால் அதே கால் பலத்துக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

பெடல் கல் போல இருந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். போர் அளவுக்கு மீறிப் பெரிதானாலும் பெடல் அப்படித்தான் இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.