ஆள் போனால்தான் இடமா? - உதவித்தொகை கேள்வி-பதில்

(பதில் சொல்பவர்: சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாசில்தார்)

என் மாமியாருக்கு 67 வயது. மாமனார் தவறிப் பல வருஷம் ஆகிறது. நிலம், நீச்சு எதுவும் கிடையாது. முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிந்து மாதக்கணக்காகிறது. வி.ஏ.ஓ.வைக் கேட்டால், "புது ஆள் சேர்க்க மேலே ஓகே இல்லைம்மா, பழைய ஆள் யாராவது போனாத்தான் இடம்" என்கிறார். இப்படியும் ஒரு சட்டமா மேடம்?
- சரோஜா, மணப்பாறை

அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் வி.ஏ.ஓ. கதை விடுகிறார் என்றும் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே போய்க் கேட்பது என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

இந்தப் பணம் இரண்டு கஜானாவிலிருந்து வருகிறது. மத்திய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று மாதம் 75 ரூபாயோடு ஆரம்பித்தது. பிறகு அது 200 ஆனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு டெல்லி தரும் அந்த 200, 2007-க்குப் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 80 வயதைத் தொட்டால் 500. நம் மாநிலம் இதற்கெல்லாம் முன்பே, 1962-லேயே 20 ரூபாயில் முதியோர் பென்ஷனைத் தொடங்கிவிட்டது. 2011-ல் அது 1,000, 2023 ஆகஸ்டில் 1,200. அந்தக் கணக்குப்படி, மத்தியப் பட்டியலில் இருக்கும் ஒரு 67 வயதுக்காரருக்கு டெல்லி 200, சென்னை 1,000.

சிக்கலே "மத்தியப் பட்டியலில் இருக்கும்" என்பதில்தான் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும், அதிலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று டெல்லி ஒரு உச்ச எண்ணிக்கை வைத்திருக்கிறது. பழைய மக்கள்தொகையையும் பழைய வறுமைக் கணக்கையும் வைத்துப் போட்ட எண் அது. அதற்கப்புறம் ஊரில் எத்தனை பேருக்கு நரைத்தது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டிச் சேரும் ஒவ்வொருவருக்கும் முழுப் பணத்தையும் மாநிலமே போட வேண்டும். நிதித் துறை கையைப் பிசையும்போது "புதுசு கொஞ்சம் நிறுத்தி வைங்க" என்று கீழே வாய்வார்த்தையாக வரும். தாளில் வராது. நான் பார்த்த வரையில், தாளில் வராத உத்தரவுதான் தாலுகா ஆபீஸில் ரொம்ப ஒழுங்காக நிறைவேறும்.

இருக்கிற பணமாவது நேராகப் போகிறதா? அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. 2023-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தத் திட்டத்துக்கான நிதியில் 2.83 கோடி ரூபாயை ஊரக வளர்ச்சி அமைச்சகம் வேறு திட்டங்களின் விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டதைச் சுட்டிக்காட்டியது. 200-ஆல் வகுத்துப் பார்த்தேன். 1,41,500 பேரின் ஒரு மாதப் பங்கு பேனராகப் போயிருக்கிறது. இறந்துபோனவர்கள் பெயரில் பணம் போனதும் அதே அறிக்கையில் வந்தது. நம் ஊரில் உயிரோடு இருப்பவர் இடம் காலியாகக் காத்திருக்கிறார்!

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இ-சேவை ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எண்தான் உங்கள் பிடி. "கிடையாது" என்று யார் சொன்னாலும் "எழுதிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். காரணம் எழுதித் தள்ளுபடி செய்தால்தான் கோட்டாட்சியரிடம் போக முடியும். சும்மா கிடப்பில் போட்ட மனுவுக்கு மேல்முறையீடு ஏது? எழுதித் தரவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தனி தாசில்தார் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வி.ஏ.ஓ. அறிக்கையும் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அறிக்கையும் எந்தத் தேதியில் போயின, இந்த வருஷம் தாலுகாவில் எத்தனை பேருக்கு உத்தரவு ஆனது, எத்தனை மனு நிலுவை, புது ஆள் சேர்க்கக் கூடாது என்ற சுற்றறிக்கை இருந்தால் அதன் நகல். இவ்வளவு கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கடைசிக் கேள்வியைப் படிக்கும்போது ஆபீஸில் ஃபேன் ஓடினாலும் வியர்க்கும். நகலைத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுங்கள். ஜமாபந்தி (தாலுகாவில் வருஷாவருஷம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை) சமயமாக இருந்தால் அங்கேயும்.

இன்னொன்று. மாமியார் விதவை என்பதால் விதவை உதவித்தொகையிலும் மனு எடுபடுமா என்று கேட்டுப் பாருங்கள். 79 வயது வரையுள்ள விதவைக்கு மத்தியப் பங்கு 300. அந்தத் தலைப்பில் இடம் இருக்கலாம்.

எனக்கு ஒரு காலில் போலியோ. அடையாள அட்டையில் 60 சதவீதம் போட்டிருக்கிறது. ஒருவர் "80 இருந்தாத்தான் பணம்" என்கிறார், இன்னொருவர் "40 போதும்" என்கிறார். யாரை நம்ப?
- முருகேசன், ஆத்தூர்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் தம்பி. 80 என்பது டெல்லிக் கணக்கு. 80 சதவீதத்துக்குக் குறையாத ஊனம், அதோடு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் மத்தியப் பங்கான 300 ரூபாய். 2012-ல் வைத்த தொகை அது. 40 என்பது மாநிலக் கணக்கு. மற்ற தகுதிகள் சரியாக இருந்தால் வருவாய்த் துறை வழியாக உங்களுக்குக் கிடைக்கும். 80-ஐக் காட்டித் திருப்பி அனுப்பினால் "அது மத்தியத் திட்டத்துக்கு, நான் மாநிலத் திட்டத்தில் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

தொகையைப் பற்றி ஒரு விஷயம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு உள்ள அதே மாதிரியான திட்டத்தைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. 2023-ல் நடந்ததைப் பாருங்கள். ஜனவரியில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 1,500 ஆனது; ஆகஸ்டில் முதியோருடையது 1,200. 1,200-க்கு 25 சதவீதம் 300. கூட்டினால் சரியாக 1,500! கோட்டின் மேலேயே நிற்கிறது, ஒரு ரூபாய்கூட அதிகமில்லை. ஆக, முதியோர் தொகை எப்போது ஏறினாலும் உங்களுடையது கூடவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அது கருணை மனு விஷயமில்லை, சட்ட மீறல். உங்கள் சங்கத்தில் இதைச் சொல்லி வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தனியாகத் தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கானது அது. இந்த ஆபீஸில் கேட்டால் அந்த ஆபீஸைக் கைகாட்டுவார்கள், அங்கே போனால் இங்கே. எந்தத் திட்டம் என்று பெயரை எழுதியே மனுக் கொடுங்கள்.

பாட்டிக்குக் கைரேகை விழவில்லை என்று மெஷின் கொண்டுவருபவர் பணம் தராமல் போய்விடுகிறார்.
- ஒரு பேரன், அறந்தாங்கி

காலமெல்லாம் நாற்று நட்ட விரலில் ரேகை எங்கே இருக்கும்? வேறு விரல், கண் ரேகை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பணம் அவர் கணக்கில்தான் இருக்கிறது, வங்கிக் கிளைக்கே அழைத்துப்போய் எடுக்கலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்தும் பாருங்கள். 2018 ஆதார் வழக்குத் தீர்ப்பிலேயே, ரேகை பொருந்தாத காரணத்துக்காகத் தகுதியுள்ளவருக்கு உதவியை மறுக்கக் கூடாது என்று வந்தாயிற்று. மெஷின்காரரிடம் தீர்ப்பைப் பேசிப் பயனில்லை, மேனேஜரிடம் பேசுங்கள்.

மில்லில் உழைத்து ஓய்வுபெற்றேன். பி.எஃப். பென்ஷன் ஆயிரத்துச் சொச்சம். வருஷங்கள் ஓடியும் அப்படியே நிற்கிறது. என் பணம் எங்கே போனது?
- ராமசாமி, ராஜபாளையம்

உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம் முழுக்க பி.எஃப். கணக்குக்குத்தான் போனது. பென்ஷனுக்குப் போவது முதலாளி பங்கிலிருந்து 8.33 சதவீதம், அரசு போடும் 1.16 சதவீதம், அவ்வளவே. அதுவும் முழுச் சம்பளத்துக்கு இல்லை. முதலில் 5,000, 2001-லிருந்து 6,500, 2014 செப்டம்பரிலிருந்து 15,000 என்ற உச்சவரம்புக்குள்தான். ஆகவே நீங்கள் எவ்வளவு வாங்கியிருந்தாலும் பென்ஷன் கணக்கு சின்னதாகவே இருந்திருக்கும். விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஏற்பாடு இந்தத் திட்டத்தில் இல்லை. குறைந்தபட்சம் 1,000 என்பது 2014 செப்டம்பரில் வைத்தது.

மில்லில் இருக்கும் இளைஞர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக முழுசாக முடங்கிப்போனால், இந்தத் திட்டத்தில் பென்ஷன் வாங்கப் பத்து வருஷ சர்வீஸ் தேவையில்லை. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே தகுதி. பலருக்குத் தெரியாமல் ஈட்டுத்தொகையோடு திரும்பிவிடுகிறார்கள்.

உங்கள் பென்ஷனுக்கு வருஷம் இரண்டு தடவை அகவிலைப்படி ஏறுகிறது. எங்கள் அப்பாவின் உதவித்தொகைக்கு மட்டும் விலைவாசி கிடையாதா? கோபப்படாமல் பதில் சொல்லவும்.
- பெயர் வேண்டாம், சிதம்பரம்

கோபம் எதற்கு? கேட்க வேண்டிய கேள்வி. அரிசி எனக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஒரே விலைதான். 2007-க்கு இப்போது விலைவாசி மூன்று மடங்கு அளவுக்கு ஏறியிருக்கிறது. டெல்லியின் 200 அன்றைய மதிப்பில் நிற்க வேண்டுமென்றாலே 600 பக்கம் வர வேண்டும். 2017-ல் அறுபது பொருளாதார அறிஞர்கள் சேர்ந்து அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லிக்குக் கடிதம் எழுதி 500 ஆவது ஆக்குங்கள் என்று கேட்டார்கள். ஆகவில்லை.

நம் மாநிலத்தில் தொகை ஏறுகிறது, ஆனால் ஏறும் தேதி தேர்தலைப் பார்த்தோ முதல்வரின் மனதைப் பார்த்தோ வருகிறது. 2011-க்கும் 2023-க்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் ஆயிரத்திலேயே நின்றது. ராஜஸ்தானில் 2023-ல் குறைந்தபட்ச வருமான உத்தரவாதச் சட்டம் போட்டு, பென்ஷன் வருஷம் 15 சதவீதம் தானாகவே ஏற வேண்டும், ஜூலையில் 5, ஜனவரியில் 10 என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எனக்கு அகவிலைப்படி வருகிற அதே இரண்டு மாதங்கள், கவனித்தீர்களா? உங்கள் எம்.எல்.ஏ. அடுத்த முறை தெருவுக்கு வரும்போது தொகையை ஏற்றச் சொல்லாதீர்கள், இந்தச் சட்டத்தைக் கேளுங்கள்.