கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்கிறதா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த கிரைண்டரின் உருண்டை முள் பிளக்கை டிராவல் அடாப்டரில் செருகிப் பயன்படுத்துகிறோம். மாவை வழிக்கும்போது எஃகு உடலில் ஈரக்கை பட்டால் சுருக்கென்கிறது. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருப்பதால் பயமில்லை என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, தோ பாயோ

பதில்: முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், காரணத்தைப் பிறகு படிக்கலாம்.

இந்தியாவிலும் இங்கே சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் உங்கள் கிரைண்டர் ஒரு குறையுமின்றி ஓடும். மோட்டார் சுற்றுவதற்கு லைவ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளே போதும். கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் மூன்றாவதான எர்த் கம்பிக்கு, கருவியில் கோளாறு ஏற்படும்போதுதான் வேலை வரும் என்பதால், அது இல்லாத குறை அன்றாடப் பயன்பாட்டில் தெரிவதே இல்லை. டிராவல் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் முள்ளின் இடத்தில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு; சுவரிலுள்ள பிளக் துளைகளின் உள்மூடியைத் திறக்க அது உதவுமே தவிர, கிரைண்டரின் உடலை எர்த்தோடு இணைக்காது.

மோட்டாரின் காப்பு (மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறை) நைந்தோ மாவுத் தண்ணீர் உள்ளே இறங்கியோ லைவ் கம்பியின் மின்சாரம் எஃகு உடலுக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எர்த் இணைப்பு இருந்தால், தடை மிகக் குறைந்த அந்த வழியே மின்சாரம் பாயும். மொத்தத் தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாய்ந்து, பிளக்கிலுள்ள ஃபியூஸ் உடனே எரிந்துவிடும். இணைப்பு இல்லாவிட்டால் ஃபியூஸ் எரியாது, மோட்டாரும் நிற்காது. உடலில் ஏறிய மின்னழுத்தம் யாராவது தொடும்வரை அப்படியே இருக்கும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. லைவில் போகும் மின்சாரத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஒப்பிட்டு, வேறுபாடு 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் ஆர்சிசிபி இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் இருந்தால் கசிவு அவ்வழியே ஓடுவதால், நீங்கள் தொடும் முன்பே அது துண்டிக்கும். எர்த் இல்லாதபோது கசிவுக்கு உங்கள் உடலே வழியாகிறது. சுருக்கென்ற உணர்வுக்கு ஓரிரு மில்லிஆம்பியரே போதும் என்பதால், ஆர்சிசிபி அதைக் கண்டுகொள்ளாது. அது துண்டிக்கவில்லை என்பதை ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. இன்று காலிலிருந்த செருப்பு மின்சாரத்தைக் குறைத்திருக்கலாம்; நாளை ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கலாம். சுமார் 10 மில்லிஆம்பியரிலேயே தசை இறுகி, பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகக்கூடும்.

எர்த் இல்லாத நல்ல மோட்டாரிலும் சிறு கசிவு உணரப்படுவதுண்டு. ஆனால், எது சிறு கசிவு, எது காப்பு நைந்ததன் அறிகுறி என்பதைக் கையால் தொட்டு அறிய முடியாது. ஆகவே, பழுதுபார்ப்பவரிடம் மோட்டாரின் காப்பைச் சோதிக்கச் சொல்லி, அது சரியாக இருந்தால் பாதுகாப்புச் சின்னமுள்ள தட்டை முள் பிளக்கைப் பொருத்தச் சொல்லுங்கள். கிரைண்டரின் வயரில் மூன்று கம்பிகள் இருப்பதும், எர்த் கம்பி உலோக உடல்வரை தொடர்வதும் உறுதியாக வேண்டும்.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஆர்சிசிபி கட்டாயமாக இருக்கவில்லை. 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாகி, பழைய வீடுகளுக்கு ஈராண்டு அவகாசம் தரப்பட்டது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால், அது ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கும். சுவருக்குள் எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பொத்தான் சரியாகவே வேலை செய்யும் என்பதால், எர்த்தைச் சோதிக்க உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

கேள்வி: என் முடி உலர்த்தியின் பிளக்கில் எர்த் முள்ளே பிளாஸ்டிக்காக இருக்கிறது. அது போலிப் பொருளா?
– வாசகர், ஜூரோங்

பதில்: அதன் உடலில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு கொண்ட கருவி என்பதற்கு அதுவே அடையாளம். அத்தகைய கருவிக்கு எர்த் தேவையில்லை. குறி இல்லாமல், உலோக உடலும் கொண்டதாக இருந்தால் பயன்படுத்தாதீர்கள்.