ஆடித் தொலைகாட்டி வாங்குமுன் அளவுநாடாவை எடுங்கள்

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகளுக்கு ஒரு தொலைகாட்டி வாங்க நினைக்கிறேன். இணையத்தில் ஒன்று பார்த்தேன். 114 மி.மீ. ஆடி, குவியத்தூரம் 1000 மி.மீ., 525 மடங்கு பெருக்குமாம். குழாய் அரை மீற்றர்தான், பேருந்தில் கொண்டுவரவும் சுகம். வாங்கலாமா?
– ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதிய அளவுகளே காரணத்தைச் சொல்கின்றன.

இந்த வகையில் குழாயின் அடியில் ஒரு குழிவாடி இருக்கும். அது குவிக்கும் ஒளியை, வாய்ப்பக்கத்தில் சரிவாக நிற்கும் சின்னத் தளவாடி பக்கவாட்டில் திருப்பி, நாம் கண்ணை வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டுக்கு அனுப்பும். 1668இல் நியூற்றன் செய்த அமைப்பும் இதுதான். ஆகவே குழாயின் நீளம் குவியத்தூரத்தை, அதாவது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரத்தை, ஒட்டியே வரவேண்டும். 1000 என்று அச்சிட்டுவிட்டுக் குழாய் 50 சதமமீற்றர்தான் என்றால், பார்வைத்துண்டு செருகும் இடத்துக்குள் ஒரு வில்லையை வைத்துக் குவியத்தூரத்தை நீட்டியிருக்கிறார்கள். ஆடியும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளைவாக இராது, வெறும் கோளவாடிதான். மலிவாகச் செய்தவற்றில் படம் மங்கித்தான் தெரியும். ஆடிகளை நேர்ப்படுத்துவதோ பழகியவர்களுக்கே தலையிடி.

525 மடங்கை மறந்துவிடுங்கள். ஆடியின் அகலத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பதே உச்சம். 114க்கு 228 வரும், அதுவும் காற்று அசையாத இரவில். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளுக்கும் சனியின் வளையத்துக்கும் 50 மடங்கு போதும். பெட்டியில் உருப்பெருக்கத்தைப் பெரிதாகப் போட்டு விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கையில் உள்ள காசு இவ்வளவுதான் என்றால் அதே 114 அகலத்தில் 900 குவியத்தூரம் உள்ள நீளக் குழாயைக் கேளுங்கள். கொஞ்சம் பொறுத்துச் சேர்க்க முடிந்தால் 150 மி.மீ. பரவளைவு ஆடி, 1200 குவியத்தூரம், டொப்சோனியன் எனும் பெட்டித் தாங்கி உள்ளதை வாங்குங்கள். 114ஐ விட ஏறக்குறைய 1.7 மடங்கு ஒளி சேரும். 25 மி.மீ. பார்வைத்துண்டு போட்டால் 48 மடங்கு. ஒரு மீற்றருக்கு மேல் நீளம், பேருந்தில் சரிவராது, வான் பிடிக்கத்தான் வேண்டும்.

தாங்கி விஷயத்திலும் கவனம். எதிர்நிறை தொங்கும் தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்க வேண்டும். வன்னியில் அந்த நட்சத்திரம் வடக்கே 9 பாகை உயரத்தில்தான் நிற்கிறது, பனைகளுக்குப் பின்னால். அவ்வளவு தாழச் சாய்த்தால் பல மலிவுத் தாங்கிகளில் எதிர்நிறை காலில் முட்டும். டொப்சோனியன் தரையில் வைக்கும் ஒரு மரப்பெட்டி, மேலே கீழே, இடம் வலம் அவ்வளவுதான். முற்றத்து மணலில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

வன்னியில் இன்னும் நல்ல இருட்டு இருக்கிறது. மே மாத முன்னிரவில் தெற்கே தென்சிலுவையும், அதற்குக் கிழக்கே ஒமேகா சென்டோரி எனும் நட்சத்திரக் கொத்தும் ஏறி நிற்கும். ஐரோப்பாவில் பெரும்பாலானோருக்குக் கிடைக்காத காட்சி. மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பாவித்த 130 மி.மீ. ஆடித் தொலைகாட்டியைத் தருகிறார். ஆடியில் தூசியும் ஒரு கீறலும் இருக்கிறது. துடைத்தால் சரியாகுமா?
– மாங்குளம் வாசகர்

பதில்: துடைக்கவே வேண்டாம். தூசியும் ஒற்றைக் கீறலும் படத்தைக் கெடுக்காது, துணிதான் அலுமினியப் பூச்சைக் கெடுக்கும். ரோச் அடித்துப் பார்த்தால் நல்ல ஆடியும் அழுக்காகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். பூச்சு உரிந்திருந்தாலோ வெண்புள்ளிகள் பரவியிருந்தாலோ மட்டும் விட்டுவிடுங்கள். இரவில் ஒரு நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பாருங்கள். அது வட்டங்களாக விரிந்து தெரியும். அவை ஒரே மையத்தில் இராவிட்டால், ஆடியின் பின்னாலுள்ள திருகாணிகளால் சரிசெய்யலாம். மாரியில் பனி காய்ந்தபின் மூடி, சிலிக்கா ஜெல் பொதியோடு வையுங்கள்.

பெட்டிக்குள் பார்வைத்துண்டில் திருகும் கறுப்புச் சூரிய வடிகட்டி இருந்தால் உடைத்து எறிந்துவிடுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும்.